பேய் வராத மூலை: வீடியோ கேம்களின் பாதுகாப்பான இடங்களுக்கு ஒரு சின்ன வரலாறு

2018 மார்ச் 7, இரவு. சாச்சாவின் வீட்டில் நாங்கள் பதினொரு பேர் இருந்தோம். லைட் எல்லாம் ஓஃப். ஜன்னல்களுக்குப் போர்வை கட்டியிருந்தார்கள். திகனையில் தொடங்கினது இப்போது கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கமும் வந்துவிட்டது என்று மட்டும்தான் தெரியும். அன்றைக்கு அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நிறுத்தியிருந்தது. யாரிடமும் கேட்கவும் முடியாது, காதில் விழுகிற கதையை நம்பவும் முடியாது. வாப்பா கடைச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பூட்டிவிட்டு வந்த கடைக்குச் சாவியை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறார் எண்டு அப்ப எனக்கு விளங்கல்ல.

எனக்குப் பதினாலு வயசு. நான் போர்வைக்குள் தலையைப் போட்டுக்கொண்டு போனில் மைன்கிராஃப்ட் விளையாடிக்கொண்டிருந்தேன்.

இதை வெளியே சொல்ல ரொம்ப நாள் வெட்கமாக இருந்திச்சு. பெரியாக்கள் மெதுவாக ஓதிக்கொண்டிருக்க, நான் ஒரு மலையில் குழி தோண்டி, உள்ளே போய், வாசலை மண்ணால் அடைத்து, சுவரில் ஒரு பந்தம் நட்டுவிட்டு, விடியும்வரை சும்மா நின்றேன். வெளியே சொம்பிகள் முனகுகிற சத்தம் ஹெட்செட்டில் கேட்டது. உள்ளே வராது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். உம்மா ஒரு தரம் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "மகன், அந்த வெளிச்சத்தக் கொறச்சிக்கோங்க" எண்டு மட்டும் சொன்னா.

இப்போது கம்பஸில் வரலாறு படிக்கிறேன். போன வருசம் ஒரு விரிவுரையில் மதில், அகழி, கோட்டை என்று பேச்சுப் போனபோது எனக்கு அந்த மண் குழிதான் ஞாபகம் வந்தது. அதுக்கும் ஒரு வரலாறு இருக்க வேண்டும்தானே? கேமுக்குள்ளே 'இங்க உனக்கு ஒண்டும் நடக்காது' என்று சொல்கிற இடங்களை முதலில் யார் கட்டினது? ஏன் கட்டினது? அந்த வாக்கு எப்பவும் காப்பாற்றப்பட்டதா? தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் எழுதுகிறேன்.

காசு போட்ட இடத்தில் ஓய்வு இல்லை

தொடக்கத்தில் அப்படி ஒரு இடமே இருக்கவில்லை. 1978இல் ஜப்பானில் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து வேற்றுக்கிரகக்காரர்கள் வரிசை வரிசையாக இறங்கி வருவார்கள். கீழே உங்கள் பீரங்கி. நடுவில் நாலு மறைப்பு. ஒளிய இருக்கிற இடம் அவ்வளவுதான். எதிரி சுடச்சுட அது கரைந்துகொண்டே போகும். அவசரத்தில் அதுக்குக் கீழே நின்று நீங்கள் சுட்டாலும் அதே மறைப்புத்தான் ஓட்டையாகும். ஆகவே கேம் வரலாற்றின் முதல் அடைக்கலங்களில் ஒன்றை எதிரியும் உடைத்தான், உள்ளே இருந்தவனும் உடைத்தான்.

1980இல் பேக்மேன் வந்தது. நாலு பேய்கள், ஒரு சந்துக்கட்டு, நிற்காமல் ஓட வேண்டும். இதில் விளையாட வந்தவர்களே ஒரு விசயம் கண்டுபிடித்தார்கள். பேக்மேன் ஆட்டம் தொடங்குகிற இடத்துக்குக் கிட்ட ஒரு மூலை இருக்கிறது. பேய்களின் கண்ணில் படாத நேரம் பார்த்து அங்கே போய், மேல் பக்கம் பார்த்தபடி நின்றுவிட்டால், பேய்கள் சுற்றிச் சுற்றிப் போகும், உங்களைத் தொடாது. மெஷினை விட்டுவிட்டுப் போய் முகம் கழுவிவிட்டு வரலாம். இதை நாம்கோ நிறுவனம் யோசித்துக் கட்டவில்லை. பேய்கள் நடக்கிற விதிகளுக்குள் தற்செயலாக விழுந்த ஒரு இடுக்கு அது. ஆனால் ஆட்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்தார்கள் என்பதைப் பாருங்கள். நிம்மதியாக நிற்க ஒரு மூலை வேணும் என்ற ஆசை, அதைக் கட்டிக்கொடுக்கிற யோசனைக்கு முதலே இருந்திருக்கிறது.

நிறுவனங்கள் ஏன் தாங்களாகக் கட்டிக்கொடுக்கவில்லை? காரணம் காசு. அவை தெருவோரத்துக் கடைகளில் காசு போட்டு விளையாடுகிற மெஷின்கள். நீங்கள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். பேருந்து நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் ஆறுதலாகக் குந்தி இருக்க விடமாட்டார்களே, அதே கணக்குத்தான்.

கேம் வீட்டுக்குள்ளே வந்த பிறகுதான் இந்தக் கணக்கு மாறியது. ஒருதரம் விலை கொடுத்து வாங்கினால் பல நாள், பல வாரம் விளையாட வேண்டும். அப்படி நீண்ட பயணம் என்றால் இடையில் தங்கிப் போக ஒரு இடம் வேண்டும். 1986 மே மாதம் எனிக்ஸ் நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட டிராகன் குவெஸ்ட் அதைக் கொடுத்தது. யூஜி ஹொரீ வடிவமைத்த விளையாட்டு. ஊருக்கு வெளியே ஒவ்வொரு அடியிலும் ஏதாவது ஒரு பூதம் வரலாம். ஊருக்குள்ளே வராது. ஊரில் ஒரு சத்திரம். கொஞ்சம் தங்கக் காசு கொடுத்தால் படுக்கலாம். ஒரு குட்டி இசை வரும், விடிந்துவிடும், உடம்பில் இருந்த காயமெல்லாம் போய்விடும். இன்றைக்கு எத்தனையோ கேம்களில் நீங்கள் பார்க்கிற 'ஊருக்குள்ளே பயமில்லை' என்ற விதி உறுதியாக வேர்விட்டது இந்த மாதிரிக் கேம்களில்தான்.

ஆனால் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அதே டிராகன் குவெஸ்டில் டொம்டோரா என்று ஒரு ஊர் இருக்கிறது. தூரத்தில் பார்த்தால் மற்ற ஊர்கள் மாதிரித்தான். ஓய்வெடுக்கலாம் என்று நம்பி உள்ளே போனால் ஆட்களே இல்லை. சுவர்கள் இடிந்து கிடக்கும். நடந்தால், ஊருக்குள்ளேயே பூதங்கள் பாயும். கேமின் வில்லன் அழித்துவிட்டுப் போன ஊர் அது. விதி எவ்வளவு பெறுமதியானது என்பது, அது உடைந்த ஒரே ஊருக்குள் நிற்கும்போதுதான் விளங்குகிறது.

1996: ஒரே வருசத்தில் மூன்று கதவுகள்

எங்கட வாப்பாமாரிடம் 1996 எண்டு சொன்னால் ரெண்டு விசயம் சொல்வார்கள். ஜனவரி 31 கொழும்பில் மத்திய வங்கிக்கு வைத்த குண்டு. மார்ச் 17 லாகூரில் வென்ற உலகக்கிண்ணம். கேம் வரலாற்றிலும் அது முக்கியமான வருசம். ஏழு மாதத்துக்குள்ளே ஜப்பானில் மூன்று விளையாட்டுகள் வந்தன. மூன்றும் பாதுகாப்பான இடத்தை மூன்று விதமாகக் கட்டின.

முதலாவது, பெப்ரவரி 27இல் வந்த போக்கிமோன். ஏறத்தாழ ஒவ்வொரு ஊரிலும் ஒரு போக்கிமோன் நிலையம் இருக்கும். அடிபட்ட போக்கிமோன்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நர்ஸ் வாங்கிச் சுகப்படுத்தித் திருப்பிக் கொடுப்பா. டிராகன் குவெஸ்டின் சத்திரத்தில் காசு கேட்டார்கள். இங்கே காசு இல்லை. எங்கட நாட்டு ஆளுக்கு இதை விளக்கத் தேவையில்லை: கவர்மெண்ட் ஆஸ்பத்திரி.

இரண்டாவது, மார்ச் 22இல் கேப்கொம் வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில். ஷின்ஜி மிகாமி இயக்கியது. காட்டுக்குள்ளே ஒரு மாளிகை, எங்கே பார்த்தாலும் சொம்பி, கையில் எண்ணிச் செலவழிக்க வேண்டிய குண்டுகள். நடுவில் சில அறைகளில் மட்டும் எதுவும் வராது. ஒரு பழைய தட்டச்சு இயந்திரம், சாமான் வைக்க ஒரு பெட்டி, மெதுவான ஒரு இசை. கதவைத் திறந்து அந்த இசை காதில் விழுந்ததும் தோள் தானாகக் கீழே இறங்கும். விளையாடினவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்த அறையும் முழுக்க இலவசம் இல்லை. விளையாட்டைச் சேமிக்க வேண்டுமென்றால் தட்டச்சுக்கு மை நாடா வேண்டும். நாடா முடிந்தால் சேமிக்க முடியாது. பயத்தை அளந்து கொடுத்தவர் நிம்மதியையும் அளந்துதான் கொடுத்தார்.

மூன்றாவது, ஓகஸ்ட் 9இல் வந்த ஹார்வெஸ்ட் மூன். இதைச் செய்த யசுஹிரோ வாடா, ஜப்பானின் தெற்கே மியாஸாகியில் கிராமப்புறத்தில் வளர்ந்து, டோக்கியோவுக்கு வேலைக்குப் போனவர். நகரத்தில் இருந்துகொண்டு விட்டுவந்த ஊரை நினைத்ததில் பிறந்த விளையாட்டு. பாட்டன் விட்டுப்போன ஒரு பண்ணை. காலையில் எழும்பித் தண்ணி ஊற்றுவது, கோழிக்குத் தீன் போடுவது, பின்னேரம் ஊருக்குள் போய் நாலு பேரோடு கதைப்பது. வெட்ட ஒரு பூதமும் இல்லை. ரெசிடென்ட் ஈவிலில் மாளிகைக்குள் ஒரு அறையாக இருந்தது, இங்கே பெரிசாகி முழு ஊராகவே ஆகிவிட்டது. பிறகு 'கோசி கேம்' என்று பெயர் வாங்கின வகைக்கு இதுதான் மூத்தம்மா.

கேம் கடையும் கிரோவ் வீதியும்

இந்த விளையாட்டுகள் எங்கட பக்கம் வந்து சேர்ந்தது அழகான பெட்டிகளில் இல்லை. கொப்பி பண்ணின சீடிகளில். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஊரில் ஒரு போன் கடைக்குப் பின்னால் சின்ன அறை ஒன்று இருந்தது. நாலு பழைய டிவி, நாலு பிளேஸ்டேஷன் டூ, மணித்தியாலக் கணக்கில் காசு. மதரஸா விட்டதும் ஓடுவோம். பொடியன்மார் மட்டும்தான். என்ட ராத்தா அந்த வாசலைக்கூடக் கண்டதில்லை.

அங்கே எல்லோரும் விளையாடினது 2004இல் வந்த ஜீடிஏ சான் அன்ட்ரியாஸ். அதில் சீஜே என்கிற பொடியனின் வீடு கிரோவ் வீதியில் இருக்கும். பொலிஸ் துரத்த, கார் எரிய, எப்படியாவது அந்தப் பச்சை ஏரியாவுக்குள் வந்து, வீட்டுக்குள் போய், சேவ் பண்ணினால் போதும். ஆறு மணித்தியாலம் ஓடிப்போகும், பொலிசும் மறந்துவிடும். எங்களில் யாருக்கும் இங்கிலீஷ் சரியாக வராது. ஆனாலும் 'வீட்டுக்கு வா' என்ற விதி மட்டும் எல்லோருக்கும் விளங்கினது.

அந்தக் கேமின் முடிவுப் பகுதியில் ஊர் முழுக்கக் கலவரம் வெடிக்கும். 1992இல் லொஸ் ஏஞ்சலஸில் உண்மையாகவே நடந்ததை வைத்துச் செய்தது. கார்கள் எரியும். ஆட்கள் டிவியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நாங்கள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். பத்துப் பதினொரு வயசு. அந்தக் கலவரத்துக்கு நடுவிலும் கிரோவ் வீதி வீட்டுக்குள் சேவ் பண்ணுகிற அடையாளம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசி மிஷனை முடித்ததும் கலவரம் நின்றுவிடும், ஊர் பழையபடி ஆகிவிடும்.

2018இல் எங்களுக்கு அப்படி ஒரு கடைசி மிஷன் இருக்கவில்லை. மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனம் செய்தார்கள். ஊரடங்கு போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள். பிறகு ஒரு நாள் கடைகள் திறந்தன. 'முடிந்துவிட்டது' என்று திரையில் யாரும் எழுதிக் காட்டவில்லை. அடுத்த வருசம் ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள். மே மாதம் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை.

அன்றிரவு நான் ஜீடிஏ விளையாடவில்லை என்று சொன்னேன்தானே. மைன்கிராஃப்ட்தான். 2009இல் மார்கஸ் பெர்சன் என்ற சுவீடன்காரர் தனி ஆளாகத் தொடங்கின கேம். அது பாதுகாப்பான இடத்தின் வரலாற்றில் ஒரு புதுப் பக்கம் என்று இப்போது நினைக்கிறேன். சத்திரம், நிலையம், மாளிகையின் அறை எல்லாம் வேறு யாரோ முதலே கட்டி வைத்தவை. மைன்கிராஃப்டில் யாரும் எதையும் கட்டி வைக்கவில்லை. முதல் நாள் பொழுது படுகிறதுக்குள்ளே நீங்களே ஒரு குழியாவது தோண்டிக்கொள்ள வேண்டும். விதி ரொம்பச் சின்னது: இருட்டில்தான் அதுகள் முளைக்கும். ஒரு பந்தம் நட்டால் அந்த வெளிச்சத்துக்குள் முளைக்காது.

எங்கட வீட்டில் அன்றைக்கு விதி நேர்மாறு. வெளிச்சம் தெரிந்தால்தான் வருவார்கள். அதனால்தான் உம்மா வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னா.

ஊரடங்கும் ஒரு தீவும்

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஆறு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. அதே நாள்தான் நிண்டெண்டோ நிறுவனம் எனிமல் குரொஸிங்: நியூ ஹொரைஸன்ஸ் என்ற கேமை உலகம் முழுக்க வெளியிட்டது. ஆளில்லாத ஒரு தீவு. கூடாரம் அடித்துத் தொடங்கி, மிருகங்களை அயலவர்களாகக் கொண்டு, மீன் பிடித்து, பழம் பறித்து, வீடு கட்டுகிற விளையாட்டு. நேரமும் பருவமும் வெளியே இருப்பதுபோலவே உள்ளேயும் நடக்கும். முதல் ஆறு வாரத்தில் 13 மில்லியனுக்கு மேல் விற்றது.

இந்தக் கேம் வரிசைக்கும் ஒரு ஊர்ப் பிரிவுக் கதை இருக்கிறது. கட்சுயா எகுச்சி 1986இல் நிண்டெண்டோவில் வேலை கிடைத்து, சிபாவில் இருந்து கியோத்தோவுக்குப் போனார். குடும்பமும் கூட்டாளிமாரும் தூரமாகிவிட்டார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விசயம் என்று அப்போதுதான் விளங்கினதாகப் பின்னால் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து பிறந்ததுதான் 2001 ஏப்ரலில் ஜப்பானில் வந்த முதல் எனிமல் குரொஸிங். வாடாவும் ஊரை விட்டு வந்தவர், எகுச்சியும் ஊரை விட்டு வந்தவர். கேம் உலகின் ரொம்பச் சாந்தமான ரெண்டு ஊர்களையும் கட்டினது, தூரத்தில் இருந்து ஊரை நினைத்தவர்கள்.

எங்கட ஊரில் எனக்குத் தெரிந்த ஒருத்தரிடமும் அந்தக் கேம் ஓடுகிற சுவிட்ச் இருக்கவில்லை. மார்ச் மாதம் முடிகிறதுக்குள்ளே கொவிட் காரணமாக அக்குறணையையே முழுதாக மூடிவிட்டார்கள். உள்ளே வரவும் ஏலாது, வெளியே போகவும் ஏலாது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரி தன் தீவில் பூ நடுகிறதை நான் யூடியூபில் பார்த்துக்கொண்டிருப்பேன். தீவாகிப் போன ஊருக்குள்ளே இருந்து இன்னொருத்தருடைய தீவைப் பார்ப்பது.

ராத்தாவுக்கு மட்டும் சொந்தப் பண்ணை இருந்தது. ஹே டே. 2012இல் சூப்பர்செல் வெளியிட்டது. கேம் கடை வாசலைக் காணாத என்ட ராத்தா, மாமிமார், மச்சிமார் எல்லாருக்கும் போனில் பண்ணை இருந்தது. ஊரில் யார் கேம் விளையாடினது என்று வரலாறு எழுதப் போனால், சத்தம் போட்டு விளையாடின எங்களைத்தான் எழுதுவார்கள். சத்தமில்லாமல் கோதுமை அறுத்தவர்களை எழுத மாட்டார்கள். உம்மாவும் குசினியில் இருந்தே கேட்பா, "கோழிக்குத் தீன் போட்டாச்சா?" எண்டு. எங்கட வீட்டில் கோழி இல்லை.

ஹே டேக்கு முந்தின பேர்போன பண்ணை 2009இல் பேஸ்புக்கில் வந்த ஃபார்ம்வில். அதில் நேரத்துக்கு வந்து அறுக்காவிட்டால் பயிர் வாடிப்போகும். நிம்மதிக்கு என்று போன இடத்தில் ஒரு கடன் மாதிரி. ஹே டேயில் பயிர் வாடாது, நீங்கள் வரும்வரை நிற்கும். சின்ன மாற்றம்தான். ஆனால் ஒரு இடம் உங்களை ஆறுதலாக வைத்திருக்கிறதா, இல்லையென்றால் பயங்காட்டித் திருப்பிக் கூப்பிடுகிறதா என்பதை அந்த ஒரு விதிதான் தீர்மானிக்கிறது. 2020 டிசம்பர் 31ஆம் திகதி பழைய ஃபார்ம்விலை மூடிவிட்டார்கள். பதினொரு வருசமாகப் பார்த்த பண்ணைகள் ஒரே நாளில் இல்லாமல் போயின. கம்பனி சேர்வரில் இருக்கிற ஊர், கம்பனி நினைக்கும்வரைதான்.

2017இல் கேம் வடிவமைப்பாளர்கள் சிலர் ஒன்றாகக் கூடி, ஒரு கேமைக் கதகதப்பாக்குவது எது என்று யோசித்து எழுதினார்கள். மூன்று விசயம் சொன்னார்கள்: பாதுகாப்பு, நிறைவு, மென்மை. ஆபத்து இல்லை என்ற உறுதி. பசி, தேவை என்று நெருக்காத ஒரு நிலை. சத்தமும் வெளிச்சமும் மெதுவாக இருப்பது. நோன்பு திறந்த பிறகு கஞ்சிக் கோப்பையோடு வாசலில் உட்கார்ந்திருக்கிற அந்தக் கால் மணித்தியாலத்தை நினைத்துப் பார்த்தால் மூன்றும் அதில் இருக்கும்.

இது எல்லாம் தப்பி ஓடுகிற வேலைதானே எண்டு கேட்பவர்கள் இருக்கிறார்கள். நானே என்னிடம் கேட்டிருக்கிறேன். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் எனிமல் குரொஸிங் உட்பட ரெண்டு கேம்களை விளையாடினவர்களைப் பார்த்தபோது, கூட நேரம் விளையாடினவர்கள் கொஞ்சம் கூடுதலாக நல்லா இருப்பதாகத் தெரிந்தது. அதே அணி 2022இல் ஏறத்தாழ 39,000 பேரையும் ஏழு கேம்களையும் வைத்து, காரணம் எது விளைவு எது என்று பார்த்தபோது, விளையாடின நேரத்தால் நன்மையும் பெரிசாக இல்லை, தீமையும் பெரிசாக இல்லை என்று வந்தது. ஆகவே கேம் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. அன்றிரவு அது என்னைக் காப்பாற்றவும் இல்லை. ஒரு குண்டோ கல்லோ வந்திருந்தால் என்ட மண் குழி என்ன செய்திருக்கும்? ஆனால் பாதுகாப்பு என்றால் எப்படி இருக்கும் என்ற ஒரு மாதிரியை அது எனக்குக் காட்டித் தந்தது. அந்த மாதிரி இல்லாவிட்டால் எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாமல் போயிருக்கும்.

நெருப்பைக் காக்கிறவர்

கடைசியாக ஒரு கேம். 2011இல் ஹிதெதாகா மியாஸாகி இயக்கின டார்க் சோல்ஸ். ரொம்பக் கஷ்டமான விளையாட்டு. அதில் ஓய்வெடுக்க அங்கங்கே நெருப்புக் குவியல்கள் இருக்கும். ஃபயர்லிங்க் என்ற இடத்தில் இருப்பதுதான் உங்களுக்கு வீடு மாதிரி. அந்த நெருப்புக்குக் கீழே, கம்பிக்குப் பின்னால், ஒரு பெண் பேசாமல் உட்கார்ந்திருப்பா. அவதான் அந்த நெருப்பைக் காக்கிறவ. பலபேர் அவவைக் கவனிக்கவே மாட்டார்கள்.

கொஞ்சத் தூரம் போனதும் அடைபட்டிருக்கிற ஒரு வீரன் 'என்னைத் திறந்துவிடு' என்று கேட்பான். பெயர் லோட்ரெக். பாவம் என்று திறந்துவிட்டால் அவனும் உங்கள் வீட்டுக்கே வந்து குந்திக்கொள்வான். ஒரு நாள் நீங்கள் திரும்பி வரும்போது நெருப்பு அணைந்திருக்கும். அவன் அந்தப் பெண்ணைக் கொன்றுவிட்டுப் போயிருப்பான். அப்போதுதான் விளங்கும்: இவ்வளவு நாளும் அந்த இடம் பாதுகாப்பாக இருந்தது கல்லாலோ மதிலாலோ இல்லை. ஒரு ஆள் அங்கே இருந்ததால்.

இதை விளையாடினபோது எனக்கு 2018 மார்ச்சின் மிச்சக் கதை ஞாபகம் வந்தது.

வாப்பாட கடை ஊருக்குள்ளே இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகிற ரோட்டோரம், ரெண்டு பக்கமும் சிங்களக் கடைகள். ஊரடங்கு எடுத்த நாள் வாப்பாவும் நானும் போனோம். அந்த வரிசையில் கண்ணாடி உடைந்த கடைகளும் இருந்தன. எங்கட கடை அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஆனால் பெயர்ப்பலகையைக் காணவில்லை.

பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற சிங்கள அம்மா எங்களைக் கண்டதும் உள்ளே போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தா. ஊரடங்கு போடுகிறதுக்கு முந்தின பின்னேரம், தன் மகனை ஏணியில் ஏற்றி, ஆணியைக் கழற்றி, பலகையை இறக்கித் தன்ட கடைக்குள்ளே ஒளித்து வைத்திருக்கிறா. பெயர் இல்லாவிட்டால் யாருடைய கடை என்று வருகிறவர்களுக்குத் தெரியாதுதானே. யாராவது கண்டிருந்தால் அவவுக்கும் மகனுக்கும் என்ன நடந்திருக்கும் என்று வாப்பா பிறகு பல தரம் சொல்லியிருக்கிறார்.

நான் அந்தப் பலகையைப் பற்றி ரொம்ப யோசித்திருக்கிறேன். ரெசிடென்ட் ஈவிலின் அறை உங்கள் பெயரைக் கேட்காது. போக்கிமோன் நிலையத்தில் நர்ஸ் எந்த ஊர், எந்த ஆள் என்று கேட்க மாட்டா. கதவைத் திறந்தால் போதும், விதி எல்லோருக்கும் ஒன்று. எங்கட கடை தப்பினதோ அதன் பெயரை எடுத்ததால். ரெண்டும் பாதுகாப்புத்தான், ஆனால் ஒன்று இல்லை. அந்த அம்மா தன்னிடம் இருந்ததை வைத்து எங்களைக் காத்தா. அவவிடம் இருந்தது ஒரு ஏணியும் ஒரு மகனும். விதியை எழுதவும் காக்கவும் வேண்டியவர்கள் வேறு ஆட்கள். பெயர்ப்பலகையோடு தப்புகிற ஒரு கடை, அதைத்தான் அவர்கள் எங்களுக்குத் தர வேண்டி இருந்தது.

அந்த நோன்புப் பெருநாளைக்கு முதல் கிழமை வாப்பா பலகையைத் திரும்ப மாட்டினார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தானாகவே கழற்றினார். இப்போது அது கடைக்குள்ளே, மல்லி மூட்டைகளுக்குப் பின்னால், சுவரோடு சாய்த்து நிற்கிறது. மழைக்கு நிறம் போகவில்லை, எழுத்தெல்லாம் புதுசு மாதிரி.

போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அதைத் துடைத்து வைத்தேன். எப்ப மாட்டுறது எண்டு வாப்பாவிடம் கேட்டேன். கணக்குக் கொப்பியில் இருந்து தலையைத் தூக்காமலே, "மாட்டுவம், மகன்" எண்டார்.

ஏணி இன்னும் அந்த அம்மாட கடையில்தான் இருக்கிறது.